மகள் வீட்டுச் சுவர்

இரும்புக் கடைக்காரர் நான்கைந்து சிறு பெட்டிகளைத் திறந்து பலகையின் மேல் வைத்துவிட்டு, "என்ன சுவருங்க?" என்று கேட்டார்.

கேட்டவரைக் கல்லுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஊரில் நிமிர்ந்து நிற்கிற சுவர்களில் பாதி அவருடைய சூளையில் வெந்த செங்கல். அவருடைய தாத்தா மூட்டிய நெருப்பு, அப்பா காத்த நெருப்பு, பிறகு அவர் கையில் எரிந்த நெருப்பு. தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. சிறிசு பெரிசு எல்லாருக்கும் அவர் கல்லுக்காரர்தான். அப்படிப்பட்ட மனிதரிடம் போய்ச் சுவரைப் பற்றிக் கேள்வி. கடைக்காரர் ஊருக்குப் புதியவர், தெரியாமல் கேட்டுவிட்டார் என்று மனசுக்குள் மன்னித்துவிட்டு, "செங்கல் சுவர்" என்றார்.

"செங்கல்னா, முழுக் கல்லா, உள்ள துளை வச்ச கல்லா?"

"முழுக் கல்லு."

"மாட்டப் போறது என்ன சாமான்?"

"டிவி. மக வீட்டுக்கு. ஒரு ஆளு கால நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெருசு."

"சுவரோட ஒட்டி நிக்கறதா? இல்ல, முன்னால இழுத்துத் திருப்பற கை வச்சதா?"

"கை வச்சது. சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலி. அவங்க சாய்வு நாற்காலியில இருந்தபடியே பார்க்கணும்."

கடைக்காரர் தலையை ஆட்டினார். "அப்போ சும்மா நைலான் பிளக்கு ஆகாது. அது கடிகாரம், கண்ணாடி மாட்டறதுக்கு. இது ரெண்டுல ஒண்ணுதான்." ஒரு தடித்த போல்ட்டை எடுத்து நீட்டினார். "இது ஆங்கர் போல்ட். முறுக்க முறுக்க இந்த உறை விரிஞ்சு கல்லைக் கவ்விக்கும். ஆனா கல்லு கெட்டியா இருக்கணும். சில வீட்டுல கல்லு சரியா வெந்திருக்காது பாருங்க, அதுல போட்டா விரியற வேகத்துக்குக் கல்லே நொறுங்கிடும். அந்த மாதிரி இடத்துக்குத்தான் இந்தப் பசை. துளையில சல்லடைக் குழாயைச் செருகி, பசையை அடைச்சு, கம்பியை விட்டுட்டா உள்ளயே இறுகிக் கட்டியாயிடும். எதுக்கும் பசையே வாங்கிட்டுப் போங்க. எந்தக் கல்லா இருந்தாலும் பயமில்ல."

"எந்தக் கல்லா இருந்தாலும்னா? அது என் சூளைக் கல்லு, தம்பி."

"அதுக்கில்லீங்க..."

"என் கல்லுக்குப் பசை தடவணும்னா, நான் சூளைய மூடிட்டுக் கோந்து விக்கப் போயிடுவேன். அந்த விரியற போல்ட்டையே குடு. அதுலயும் எது பெருசோ அது."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். கல்லுக்காரர் சிரிக்கவில்லை. வேடிக்கைக்காகச் சொன்ன வார்த்தை இல்லை அது.

மகள் கல்யாணமாகிப் போன மறு வருஷம் அந்த வீட்டில் ஹாலை நீட்டி, பின்னால் ஓர் அறை எடுத்து, நடுவில் ஒரு குறுக்குச் சுவர் வைத்தார்கள். கல் முழுவதும் தன் சூளையிலிருந்துதான் போக வேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அந்த நேரம் பார்த்துக் கால் எலும்பு முறிந்து அவர் கட்டிலோடு கிடக்க, சூளையை மகன்தான் பார்த்துக்கொண்டான். வண்டி போய்ச் சேர்ந்தது என்று மகன் சொன்னான். சுவர் எழுந்தது என்று மகள் சொன்னாள். கால் சரியாகி அவர் போய்ப் பார்த்தபோது பூச்சு முடிந்து வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

சம்பந்தியம்மா பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சுலபத்தில் மெச்ச மாட்டார். மருமகள் செய்கிற காரியத்தில் நூறு குற்றம் கண்டுபிடிக்கிறவர், அந்தச் சுவரை மட்டும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் விரலை மடக்கித் தட்டிக் காட்டுவார். "எங்க சம்பந்தி வீட்டுக் கல்லு. காசு குடுத்தாலும் இந்த மாதிரி கிடைக்காது." அதைக் கேட்கும்போதெல்லாம் கல்லுக்காரர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பார். பார்ப்பதுதான் வேறு பக்கம். காது இரண்டும் அங்கேயே இருக்கும். தன் மகள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க அந்தச் சுவர் ஒன்று போதும் என்பது அவருடைய எண்ணம்.

போல்ட் பொட்டலத்தோடு அவர் மகள் வீட்டுக்குப் போனபோது டிவி அட்டைப் பெட்டியோடு ஹாலில் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளை வாங்கி இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் குறுக்குச் சுவரை ஒட்டித்தான் மகளின் தையல் மிஷின். மகள் அதில் யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்பா. எதுக்கு இந்த வெயில்ல?" என்றவள், அவர் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள். "சுவத்துல மாட்ட வேணாம்பா. ஒரு மேஜை போட்டு அது மேலயே வச்சுக்கலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"கழட்டறது மாட்டறது எல்லாம் சுலபம் பாருங்க. தூசி துடைக்கவும்..."

"தூசி துடைக்க இத்தனை பெரிய சுவரை விட்டுட்டு மேஜையைத் தேடணுமா?" என்று சாய்வு நாற்காலியிலிருந்து சம்பந்தியம்மா குரல் கொடுத்தார். "இவ இப்படித்தான் சம்பந்தி. இந்தச் சுவத்துல ஒரு படம் மாட்ட விட மாட்டா. அப்பா குடுத்த சுவருன்னு அதுக்கு ஒரு பவிசு."

கல்லுக்காரருக்கு உள்ளுக்குள் இனித்தது. வெளியே விறைப்பாக, "சுவருன்னு இருக்கறது எதுக்கும்மா? தாங்கறதுக்குத்தானே? மாட்டட்டும்" என்றார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமியாரைப் பார்த்து, மூடிக்கொண்டாள். அவள் எதற்கும் அடங்கிப் போகிறாள், நாம்தான் அவளுக்காகக் கொஞ்சம் ஓங்கிப் பேச வேண்டியிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

டிவி விற்ற கடையிலிருந்து மாட்டுகிறவர் வந்தார். சுவரில் அளந்து நான்கு புள்ளி வைத்தார். முதல் புள்ளிக்குக் கீழே ஒரு காகிதத்தைத் தொட்டில் மாதிரி மடித்து ஒட்டினார், தூள் தரையில் சிந்தாமல் இருக்க.

"பார்த்துப்பா," என்றார் சம்பந்தியம்மா, "அது எங்க சம்பந்தி சூளைக் கல்லு. உன் மிஷினு பல்லு போயிடும்."

மாட்டுகிறவர் சிரித்துக்கொண்டே துளைபோடும் மிஷினை அழுத்தினார்.

பூச்சைத் தாண்டுகிற வரைக்கும் சத்தம் சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கல்லுக்காரர் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். நன்றாக வெந்த கல் மிஷினைக் கத்த வைக்கும். முனை சூடேறி வாசனை வரும். கறுஞ்சிவப்பாக நறநறவென்று தூள் விழும். அது எதுவும் வரவில்லை. மிஷின் முனகிக்கொண்டே வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. காகிதத் தொட்டிலில் மாவு மாதிரி கொட்டியது. சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. சோகை பிடித்தவன் முகம் மாதிரி ஒரு வெளுப்பு.

அந்த நிறம் அவருக்குத் தெரியாதா? சூளையின் ஓரத்தில், நெருப்பு எட்டாத இடத்தில் வேகாமல் நிற்கிற கல்லின் நிறம். அப்பா காலத்திலிருந்து அதை விற்கிற வழக்கம் கிடையாது. பள்ளம் தூர்க்கக் கொட்டுவார்கள்.

மாட்டுகிறவர் மிஷினை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில், "ஐயா, கல்லு கொஞ்சம் மெத்துனு இருக்கு. பசை போட்டுரலாமா? வண்டியில வச்சிருக்கேன்" என்றார்.

அந்த இடத்தில் ஒரு "சரி" போதும். மாட்டுகிறவர் பேசாமல் பசையை அடைத்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் சம்பந்தியம்மா கேட்டுவிட்டார். "என்னவாம் சம்பந்தி? மிஷினு பல்லு போயிடுச்சாமா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் கல்லுக்காரர். பிறகு மாட்டுகிறவரிடம், "போல்ட்டையே போடு" என்றார்.

போட்டார். முறுக்கினால் இறுக வேண்டிய போல்ட் சுற்றிக்கொண்டே போனது. "பிடிக்கலீங்களே" என்றார் மாட்டுகிறவர். கல்லுக்காரர் ஸ்பேனரைத் தன் கையில் வாங்கினார். அவர் முறுக்கியபோதும் சுற்றியது. உள்ளே கல் பொடியாவது கைக்குத் தெரிந்தது. நான்கில் இரண்டு ஏதோ கொஞ்சம் கவ்வின. "போதும்" என்றார். டிவி ஏறி உட்கார்ந்தது. சம்பந்தியம்மா கை தட்டினார்.

மாட்டுகிறவர் போகும்போது வாசலில் நின்று, "அந்தக் கையை ரொம்ப வெளிய இழுக்க வேணாம்னு சொல்லி வைங்க ஐயா. இழுத்தா பாரம் எல்லாம் மேல ரெண்டு போல்ட்டுல வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் மறுபடி தையல் மிஷினில் உட்கார்ந்தாள். டிவியின் கீழ் விளிம்பு அவள் உச்சிக்கு நேர் மேலே நின்றது. கல்லுக்காரர் அந்தக் காகிதத் தொட்டிலைத் தூளோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

சூளையில் மகன் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். கல்லுக்காரர் அவனைத் தனியே அழைத்துக் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார்.

"என்னப்பா இது, மண்ணு?"

"தங்கச்சி வீட்டுச் சுவரு."

மகன் லாரிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு காலால் தரையைக் கீறிக்கொண்டே, "அப்போ மழை விடாம பெஞ்சுதுப்பா. வெந்தது பாதிதான். நல்ல கல்லு எல்லாம் வெளி ஆளுக்குப் பேசி வச்சிட்டேன். அவன் வந்து ஒவ்வொண்ணா தட்டிப் பார்ப்பான். இவங்க நம்ம ஆளுங்க, தட்டிப் பார்க்க மாட்டாங்க. பாரம் தாங்கற சுவரும் இல்ல, வெறும் குறுக்குச் சுவரு. பூசிட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு..." என்று இழுத்தான்.

"நம்ம ஆளுங்கன்னு."

"தப்புதான்பா. இப்போ என்ன பண்றது? நீங்க போய் ஏதாவது சொல்லி வச்சீங்கன்னா, அவதான் அங்க இருக்கணும். அந்தம்மா வாய் தெரியும்ல. நம்ம சூளை பேரும் போயிடும்."

"பேரு போய் ஏழெட்டு வருஷம் ஆச்சுடா" என்றார் கல்லுக்காரர். "நமக்குத்தான் இப்போ தெரியுது."

அடிக்கக் கை எழவில்லை. இவன் என் கையைப் பார்த்து வளர்ந்தவன், இவனுக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்கிற கேள்விதான் அவரைக் குடைந்தது. வெளி ஆளுக்கு நல்லது, உறவுக்கு ஓரக் கல். இதைப் பகையாளி செய்திருந்தால் அவர் ஊரைக் கூட்டியிருப்பார்.

மறுநாள் காலையில் மகள் வீட்டுக் கதவைத் தட்டும்போது என்ன சொல்வது என்று அவருக்கே தெளிவில்லை. சம்பந்தியம்மா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். மகள் மிஷினில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். டிவி அவள் தலைக்கு மேலே.

"எழுந்திரும்மா" என்றார்.

"என்னப்பா?"

"அந்த இடத்தை விட்டு முதல்ல எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "தூளைப் பார்த்துட்டீங்க" என்றாள்.

"உனக்கு..."

"இந்தச் சுவரு கட்டின புதுசுல காலண்டர் மாட்டலாம்னு ஆணியை வச்சேன். பூச்சைத் தாண்டினப்புறம் சுத்தியலே வேண்டியிருக்கல. கட்டை விரலால அழுத்தினதுக்கே உள்ள போயிடுச்சு. பிடுங்கினா பின்னாலயே மாவு கொட்டுச்சு. கூட்டி அள்ளி, ஓட்டையைச் சுண்ணாம்பு வச்சு அடைச்சேன்."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்டப்பா? உங்ககிட்ட சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. இங்க சொன்னா நான் தாங்க மாட்டேன்."

அவள் ஏன் ஒரு படம் கூட மாட்ட விடவில்லை என்பதும், நேற்று ஏன் மேஜை மேஜை என்று கெஞ்சினாள் என்பதும் அவருக்கு இப்போதுதான் புரிந்தது. அவளுக்காக ஓங்கிப் பேசுவதாக நினைத்து அவளுடைய வாயை அடைத்தது அவர்தான்.

"தெரிஞ்சே அதுக்கு அடியில உட்கார்ந்து தைக்கறியா?"

"வேற எங்க உட்காருவேன்? வெளிச்சம் இங்கதான் விழுது. பிளக்குப் பாயின்ட்டும் இங்கதான். மிஷினை நகர்த்தினா ஏன்னு கேப்பாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லிட வேணாம். மாட்டினவரு சரியா மாட்டல, ஆடுதுன்னு நான் சொல்லிக்கறேன். கழட்டி மேஜையில வச்சிடலாம். அவரு திரும்பி வந்து கேக்கவா போறாரு?"

சுலபமான வழிதான். யாருக்கும் நோகாது. நோகிறவர் ஒருவர் உண்டு. அவர் யாரோ வேலைக்காரர், நேற்று வந்து நல்லதைச் சொன்னவர். அந்தக் கடைக்குப் போன் போட்டுச் சம்பந்தியம்மா நாலு வார்த்தை கேட்பார், அவர் தலையைக் குனிந்து நிற்பார், அதோடு சரி. கல்லுக்காரர் மேல் போல்ட்டுகளை நிமிர்ந்து பார்த்தார். சரி என்று சொல்லிவிடத்தான் வாய் துடித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அதற்குள் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சம்பந்தியம்மா வந்துவிட்டார். "வாங்க சம்பந்தி! விடிஞ்சதும் விடியாததுமா டிவி பார்க்க வந்துட்டீங்களா? உட்காருங்க." சாய்வு நாற்காலிப் பக்கம் போகிற வழியில், டிவியின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தார். இரும்புக் கை மடிப்பு விரிந்து நீண்டது. "நீங்களே கை வச்சு முறுக்கினதாச்சே. எவ்வளவு இழுத்தாலும் அசையாது."

அசையாமல் இல்லை. சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விழுந்தது. அதிலிருந்து மெல்லிய கோடாகத் தூள் இறங்கி, மிஷினில் விரித்திருந்த வெள்ளைத் துணியின் மேல் விழுந்தது.

சம்பந்தியம்மா திரும்புவதற்குள் மகள் உள்ளங்கையால் அதை மூடினாள். மூடிய கையை அப்படியே இழுத்து, தூளை மடியில் சரித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். அவள் செய்த வேகத்தைப் பார்த்தால் பழகிய கை என்று தெரிந்தது. தலைக்கு மேலே டிவி முன்னால் சாய்ந்து நின்றது.

கல்லுக்காரர் இரண்டு எட்டில் போய் டிவியை அடியிலிருந்து தோளால் தாங்கிக்கொண்டார்.

"என்ன சம்பந்தி இது?"

"அம்மா, இந்தச் சுவத்துல இருக்கறது வேகாத கல்லு. என் சூளையிலேர்ந்துதான் வந்தது. எங்க வீட்டுத் தப்பு. மாட்டினவரு நேத்தே சொன்னாரு. நான்தான் கேட்காம முறுக்கச் சொன்னேன். முதல்ல இவளை எழுந்திருக்கச் சொல்லுங்க."

மகள் எழுந்து மிஷினை இழுத்தாள். மிஷின் டிராயரிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து மேல் போல்ட்டைத் திருப்பப் போனாள். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை, விரலாலேயே வந்துவிட்டது. மற்ற மூன்றையும் அவள் கழற்றியதும், அப்பாவும் மகளுமாக டிவியை இறக்கி எதிர்ச் சுவரில் சாய்த்தார்கள். சுவரில் நான்கு துளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கீழே ஒரு கைப்பிடி மாவு.

சம்பந்தியம்மா சாய்வு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அதைப் பார்த்தார். நேராக மருமகளிடம் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாதும்மா" என்றார் கல்லுக்காரர். உண்மையைச் சொல்ல வந்தவர் வாயிலிருந்து அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுத்தமாக வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"தெரியும் அத்தை" என்றாள் மகள்.

"எப்போலேர்ந்து?"

"சுவரு கட்டின புதுசுலேர்ந்து."

"வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நான் தட்டித் தட்டிக் காட்டுவேனே. அப்போ எல்லாம் நீ சமையல்கட்டுல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கே."

"சிரிக்கல அத்தை. பயந்துகிட்டு இருந்தேன். எங்க பலமா தட்டிடுவீங்களோன்னு."

வேறு சமயமாக இருந்தால் சம்பந்தியம்மாவே சிரித்திருப்பார். உதடு ஒரு பக்கம் இழுத்தது கூட, ஆனால் சிரிப்பாகவில்லை. ஈரத் துண்டை அவிழ்த்து, மடித்து, மறுபடி மடித்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே நிற்க வைத்துத் திட்டியபோது கூட அவர் இவ்வளவு நிதானமாக இருந்திருக்க மாட்டார்.

"ஊரை எல்லாம் கூட்டி ஒரு பொய்யைக் காட்டியிருக்கேன்" என்றார். "என் வாயால."

"சுவரை இடிச்சு நானே கட்டித் தந்துடறேன்மா" என்றார் கல்லுக்காரர். "நான் பக்கத்துல நின்னு, ஒவ்வொரு கல்லா என் கையால எடுத்து..."

"எந்தக் கல்லுல?"

தன் சூளைக் கல்லை எடுத்து வருவேன் என்று சொல்ல இனி எந்த முகம்? அடுத்தவன் சூளையில் போய் நின்று கல் கேட்பேன் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்து, "நீங்க எந்தச் சூளைன்னு சொல்றீங்களோ, அங்க போய் வாங்கிட்டு வரேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு முதுகு வளைந்தது.

"வேணாம்" என்றார் சம்பந்தியம்மா. "இது எங்க வீட்டுச் சுவரு. கல்லை நாங்க வாங்கிக்கறோம். என் பையன் வரட்டும், பேசிக்கறோம். நீங்க வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்கு மேல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்கல."

மன்னித்ததா, வாசலைக் காட்டியதா என்று அந்தப் பேச்சிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. மகளுக்குக் கொடுத்தது என்று அந்த வீட்டில் இருந்த ஒன்றே ஒன்றை, அந்தச் சுவரின் பெருமையை, கல்லுக்காரர் இப்போது திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார் என்பது மட்டும் தெரிந்தது. அவர் கை கூப்பினார். சம்பந்தியம்மாவும் கூப்பினார், முறைக்கு.

வாசல் கேட் வரைக்கும் மகள் கூட வந்தாள். தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது.

"சொல்ல வேணாம்னு கேட்டேன்லப்பா."

"ஆமாம்மா, கேட்டே."

"நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. இன்னைக்குச் சாயந்தரம் அவரு வந்து கேப்பாரு. நாளைக்கு அத்தை கேப்பாங்க. பதில் சொல்லப் போறது நான்."

"உன் தலைக்கு மேல அது தொங்கறப்ப நான் எப்படிம்மா..."

"தெரியும்பா." கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து மூடித் திறந்தாள். விரலிடுக்கில் இன்னும் அந்த வெளுத்த தூள் இருந்தது. "இப்போ மனசு லேசாயிடுச்சா?"

கல்லுக்காரர் யோசித்துப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமோ என்றும் தோன்றியது. "இல்லம்மா" என்றார்.

"நல்லதுதான். லேசாயிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும்."

"அண்ணனை வரச் சொல்லவா? வந்து ஒரு வார்த்தை..."

"இப்போ வேணாம். வந்தா ஏதாவது சமாளிச்சுப் பேசுவான். அப்புறம் பார்த்துக்கலாம்."

"நான் வரலாமா?"

அவர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மகள் வீட்டுக்கு நேரே நடந்து போய் உட்கார்ந்துதான் அவருக்குப் பழக்கம்.

"தெரியலப்பா" என்றாள். "வந்து பாருங்க."

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா அவளைக் கூப்பிட்டார். மகள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். மறுபடி ஒருமுறை அந்தக் குரல் கேட்டது. அதில் இருப்பது கோபமா, தினமும் கூப்பிடுகிற குரல்தானா என்று பிரித்துப் பார்க்கக் கல்லுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். ஹாலில் ஏதோ கனமான சாமானை இழுத்துப் போடுகிற சத்தத்தில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.